ஆகாச கருடன் ஏறிய கம்பி

இடி இடித்தால் ஊரில் நாம் மொட்டை மாடிக்கு ஓடுவோம். காய்கிற துணி, மிளகாய், கூழ்வற்றல், கைக்கு எது அகப்படுகிறதோ அதை வாரிச் சுருட்டிக்கொண்டு இறங்குவோம். இங்கே இடி இடித்தால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுகிறார்கள். ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குகிறார்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்தில் வானம் ஒருமுறை தொண்டையைச் செருமியதுதான் தாமதம், வேலிக்கு மேலே ஒரு முகம் எழும்பியது. "தங்கச்சி! டிவி பிளக்கு, மோடம் பிளக்கு எல்லாம் கழட்டியாச்சா? இங்கத்து இடி ஆளப் பாத்து விழாதுலா, கம்பியப் பாத்துதான் விழும்!" அப்படித்தான் பாக்கியம் அக்கா எனக்கு அறிமுகமானார். நான் ஓடிப்போய் மோடத்தின் பிளக்கைக் கழற்றினேன். அதன் சின்னப் பச்சை விளக்கு அணைந்தது. தேவகோட்டை அணைந்தது. என் மகள் அணைந்தாள்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பாதையில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்தது. மரங்களை வெட்டி, மண்ணைச் சமன்படுத்தி, வரிசை வரிசையாக வீடு கட்டி அதற்குத் 'தாமான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பூங்கா என்று பொருளாம். ஈப்போ நகருக்குள் அடுக்குமாடியில் வெகுகாலம் இருந்தோம். மண்ணில் கால் வைக்க வேண்டும் என்ற என் நச்சரிப்புத் தாங்காமல் என் கணவர் இங்கே வாடகைக்கு வீடு பிடித்தார். ஈப்போவில் ஒரு துணிக்கடையில் அவர் மேலாளர். கடை அடைத்து வீடு வந்து சேர ஒன்பதைத் தாண்டிவிடும். கைப்பேசிக்கு இந்தப் பள்ளத்தில் அலை எட்டாது. குன்றுகள் கையை விரித்து மறித்துக்கொள்கின்றன. ஆகவே ஒளியிழைக் கம்பி இழுத்து இணையம் வைத்தோம். கண்ணாடி நூல், அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது, அந்த வெளிச்சத்தில் ஏறி என் பிள்ளை வருகிறாள். முதல் நாள் கேட்டபோது கோயில் மண்டபத்தில் கேட்கிற கதைபோல் இருந்தது.

பிள்ளையின் பெயர் அபி. பத்தாவது வரை ஈப்போவில் படித்தாள். மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றாள். அப்படியானால் மேல்நிலைப் படிப்பை ஊரிலேயே முடிப்பது நல்லது என்று எல்லோருமாகக் கூடி முடிவெடுத்து, தேவகோட்டையில் என் தங்கை சுமதி வீட்டில் விட்டுவந்தோம். சுமதிக்குக் குழந்தை இல்லை. "ரெண்டு வருசந்தானக்கா, கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறேன்" என்றாள். சொன்னபடியே பார்த்துக்கொள்கிறாள். அதுதான் என் நோய்.

பொறாமை என்று எழுதக் கை கூசுகிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன். ஏக்கம், தவிப்பு, பிரிவாற்றாமை. எல்லாம் பொறாமைக்குப் பட்டுப்புடவை கட்டிக் கல்யாணத்துக்கு அழைத்துப்போகிற சொற்கள். வீடு திரும்பிப் புடவையை மாற்றியதும் அடுப்படியில் நிற்பது அதே பொறாமைதான். சின்ன வயதில் நாங்கள் ஓர் ஆட்டுக்குட்டி வளர்த்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அகத்திக்கொத்து ஒடித்துப் போடுபவள் நான். கழனித்தண்ணீர் வைப்பவள் நான். தின்று முடித்து அது போய்ப் படுப்பது சுமதியின் பாவாடையில். அவள் அதற்கு எதுவும் செய்ததில்லை; சும்மா உட்கார்ந்திருப்பாள். சும்மா உட்கார்ந்திருப்பவர்களிடம் போய்ப் படுத்துக்கொள்வது உயிர்களின் இயல்பு என்று இப்போது எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன். அந்த வயதில் ஆறுதல் தெரியாது. குட்டியின் காதைப் பிடித்துத் திருகுவேன்.

நம் கடிகாரத்துக்கும் இவர்கள் கடிகாரத்துக்கும் இரண்டரை மணி நேரம் தூரம். அபி பள்ளி விட்டு வந்து கால் கழுவும்போது அங்கே ஐந்து மணி, சுவரெல்லாம் வெயில். இங்கே ஏழரை, குன்றுகளுக்குப் பின்னால் பகல் இறங்கி, விளக்கேற்றி முடித்திருப்போம். அந்த வேளை எனக்கு என்று சுமதியிடம் பேசிவைத்திருந்தேன். நாள் முழுக்க நீ வைத்துக்கொள், அந்த ஒரு வேளையை எனக்குக் கொடு என்கிற பாகப்பிரிவினை. பிள்ளைகளைப் பிரித்துவிட்டு வாழும் எல்லோரிடமும் இப்படி ஒரு வேளை இருக்கும். அதை நம்பித்தான் மற்ற வேளைகளைச் சமைத்து, துவைத்து, மடித்து வைக்கிறோம். புது வீட்டில் அந்த வேளைதான் அறுந்துகொண்டே இருந்தது.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. கம்பி இழுத்து ஒரு மாதம் போல ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு மாலை அபி, "அம்மா, இன்னைக்கு கெமிஸ்ட்ரி லேப்ல என்னாச்சு தெரியுமா" என்று தொடங்கினாள். தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. மோடத்தில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. மறுநாள் பகலெல்லாம் பச்சை, மாலையானால் சிவப்பு. சில நாள் இடையில் ஒட்டும், மறுபடி அறும். வீட்டுக்காரர் விட்டுவைத்திருந்த, உள்ளூருக்கு மட்டும் பேசக்கூடிய பழைய தொலைபேசியிலிருந்து வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். இசை கேட்டேன், வெகுநேரம் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்து மோடத்தை அணைத்துப் போடச் சொன்னாள். அணைத்துப் போட்டேன். கம்பியைப் பிடுங்கிச் சொருகச் சொன்னாள். சொருகினேன். "இப்போது எப்படி மேடம்?" என்றாள். இப்போதும் என் தங்கைதான் என் மகளுக்குத் தலை வாருகிறாள் என்று சொல்ல நினைத்தேன். சிவப்பு என்று சொன்னேன்.

ஆள் அனுப்பினார்கள். ஹஃபிஸ் என்ற மலாய் இளைஞர், பணிவானவர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வந்தார். வந்தது நண்பகல். வெயில் கொளுத்துகிறது, ஓர் இலை அசையவில்லை, மோடம் பச்சையாகச் சிரிக்கிறது. "லைன் ஓக்கே லா, காக்" என்றார். காக் என்றால் அக்கா. என் மலாய், பாசாரில் மீனும் கீரையும் வாங்குகிற மலாய். அதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் என் மகள் பேசும்போது இணைப்புப் போய்விடுகிறது என்று சொல்ல முயன்றேன். விளக்கு அணைவதற்கும் உயிர் போவதற்கும் அந்த மொழியில் ஒரே சொல். நான் உண்மையில் சொன்னது என்ன என்பது அவர் முகம் வெளிறியபோதுதான் புரிந்தது: 'என் மகள் தினமும் சாயங்காலம் செத்துப்போகிறாள்.' அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நான் பதறி இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். ஆனால் அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தால், என் மலாயில் அவ்வளவு பிழை இருந்ததாகத் தோன்றவில்லை. மோடத்தை மாற்றிக் கொடுத்தார். அடுத்த முறை வந்து தெருக்கம்பத்தில் ஏறி அங்கிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். அன்றும் வெயில், அன்றும் பச்சை. மாலை வந்தது. சிவப்பு வந்தது.

இணைப்பு அறும்போது திரை கறுத்துப்போனால்கூட மனது ஆறியிருக்கும். அது கறுப்பதில்லை. கடைசி நொடியைப் பிடித்து அப்படியே நிறுத்திவைக்கும். அபி பாதிச் சிரிப்பில் உறைந்து நிற்பாள். நான் அந்தப் படத்தை விட்டு நகராமல், சந்தேகம் பிடித்தவள் சட்டைப்பையைத் துழாவுவதுபோல் மூலை மூலையாகத் துழாவுவேன். ஒரு படத்தில் அபி காதில் புதுத் தோடு, நான் வாங்கியதில்லை. ஒரு படத்தில் அவள் மடியில் வாழைப்பூ வடை. வாழைப்பூ என்றால் எங்கள் வீட்டில் மூக்கைப் பொத்துவாள். எல்லாப் படத்திலும் ஓரத்தில் ஒரு கை இருக்கும். சீப்பைப் பிடித்த கை, தண்ணீர்ச் செம்பை நீட்டும் கை, தோளிலிருந்து நூலை எடுக்கும் கை. சுமதியின் முகம் பெரும்பாலும் வராது. அவள் என்னுடைய வேளைக்குள் தலை நீட்டக் கூடாது என்று ஒதுங்கியே உட்காருவாள். அந்த நாகரிகமும் என்னைச் சுட்டது. பேச்சும் மாறிவிட்டது. இங்கிருந்து போகும்போது அபி வாய் நிறைய லா இருந்தது, "போலாம்லா, சாப்டாச்சுலா" என்பாள். ஈப்போவில் நான் அதட்டித் திருத்தப் பார்த்து முடியாமல் போனது. இப்போது ஒரு லாகூட இல்லை. "வந்திருக்காக, சொன்னாக" என்று சுத்தமாகச் சுமதியின் பேச்சு. என் ஊர்ப் பேச்சுதான் அது. என் மகள் என் தாய்மொழியைப் பேசுகிறாள், எனக்கு வயிறு எரிகிறது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

ஒரு மாலை உறைந்த படத்தில் அந்தக் கை அபியின் நெற்றியில் இருந்தது. புறங்கை. காய்ச்சல் பார்க்கிறவர்கள் வைக்கும் விதமாக. அபியின் கண்கள் பாதி மூடியிருந்தன. அதற்குமேல் எதுவும் வரவில்லை. நான் மோடத்தைத் தட்டினேன், பிடுங்கினேன், சொருகினேன். கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்கும் ஓடினேன். பாக்கியம் அக்கா தன் வீட்டு முன்கொட்டகையில் இருந்தபடியே பார்த்திருக்கிறார். "என்னா தங்கச்சி, ஒங்க லைன் மறுபடியும் போச்சா? வா வா, இங்கேருந்து பேசு." கேட்பதற்கான வெட்கம் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. பாஸ்வேர்டு கேட்டேன். "எங்க தோட்டத்துப் பேருதான்லா, எல்லாம் சின்ன எழுத்து." அவர் பிறந்த ரப்பர்த் தோட்டத்தின் பெயர். நாங்கள் நின்றுகொண்டிருந்த மண்ணின் பழைய பெயர். பலகையில் இல்லை, பேருந்தில் இல்லை, வரைபடத்தில் இல்லை. இந்த ஒரு வீட்டின் வைஃபைக்குள் நுழைய மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னேன், உடனே ஒட்டிக்கொண்டது.

"ஒண்ணுமில்லக்கா, லேசா மேலு காஞ்சுச்சு. கஷாயம் குடுத்துருக்கேன், தூங்குறா" என்றாள் சுமதி. தூங்கட்டும் என்றேன். என்னைச் சுற்றி பாக்கியம் அக்காவின் குடும்பமே உட்கார்ந்திருந்தது. லாரி ஓட்டும் பெரிய மகன் பனியனோடு ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்; அதே வரிசையில் ஏழெட்டு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறார். சின்ன மகன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மருமகள்கள் இருவரும் ஒரே தட்டில் கடலை உரித்தார்கள். யாரும் யாரிடமும் குறிப்பாக எதுவும் பேசவில்லை. பேச வேண்டிய தேவை இல்லாத அளவுக்கு அருகருகே இருந்தார்கள். "லயத்துல, அந்த வரிசை வீட்டுல இருந்தப்ப ஒரு வீட்டுல ரேடியோ பாடுனா பத்து வீடும் கேக்கும், தங்கச்சி. இப்ப செவுரு கனமாயிருச்சு. அதான் சாயங்காலமானா எல்லாரையும் வெளிய இழுத்துப் போட்டுருவேன்" என்றார் அக்கா. அவரது அப்பாவின் அப்பா எங்கள் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்துதான் கப்பலேறி வந்தாராம். கடல் கடந்த வலியை எல்லாம் அந்த மனிதர் ஒருவரே பட்டுத் தீர்த்துவிட்டுப் போய்விட்டார். இவர்கள் காலை நீட்டித் தேநீர் குடிக்கிறார்கள் என்று நினைத்தேன். நியாயமில்லாத நினைப்புத்தான். விடிவதற்கு முன் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போன பெண் பாக்கியம் அக்கா. அவர் பட்டது எனக்கு என்ன தெரியும். பொறாமைக்கு நியாயம் தெரிந்திருந்தால் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் விளக்கு எரியும் நேரம், அவர்கள் சிரிப்பு. முக்கியமாக அவர்கள் கம்பி. ஒரே கம்பத்திலிருந்துதான் இரண்டு வீட்டுக்கும் கம்பி வருகிறது, ஒரே காற்றில் ஆடுகிறது, ஒரே மழையில் நனைகிறது. அவர்களுக்கு அறுவதில்லை. "கம்பத்தோட எதுக்குடி சண்டை போடுற?" என்று சிரித்தார் என் கணவர். ஒரு மாலை காற்று கிளம்பியது, மழை இன்னும் வரவில்லை. வாசலில் நின்று இரண்டு கம்பிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஓரகத்திகள் ஒருத்தி கழுத்தை ஒருத்தி பார்ப்பதுபோல. அவர்கள் கம்பி கொக்கியில் தளர்வாக ஒரு வளையம் போட்டு உள்ளே போகிறது. எங்கள் கம்பி எங்கள் கொக்கியில் சுண்டி இழுபட்டு, கொக்கியின் கழுத்தில் ஒடித்ததுபோல் மடங்கியிருந்தது. அந்த மடிப்பிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது சுமதியின் கிழங்கு.

அந்தக் கிழங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு மாறிய செய்தி கேட்டதும், ஊரிலிருந்து வந்த கடை ஊழியர் ஒருவரிடம் சுமதி ஒரு மஞ்சள் துணி முடிச்சுக் கொடுத்தனுப்பியிருந்தாள். உள்ளே ஆகாச கருடன் கிழங்கு. நம் பக்கத்தில் வாசலில் கட்டித் தொங்கவிடுவோமே, கண் படாமல் இருக்க. மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், காற்றைக் குடித்தே துளிர்க்கும் என்பார்களே, அது. வாடகை வீடு, பழைய நாற்காலிகள், பிள்ளை இல்லாத கூடம். இதில் யார் கண் படப்போகிறது என்று அலுப்பாக இருந்தது. ஆனால் கட்டாவிட்டால் அவள் "கட்டலையாக்கா?" என்று அந்த மெல்லிய குரலில் கேட்பாள். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். வாசல் இறவாரத்தில் இருந்தது ஒரே ஒரு கொக்கி. இணையக்காரர்கள் கம்பியைத் தாங்கவைக்க அடித்துவிட்டுப் போனது. அதில் கயிற்றைப் போட்டுக் கட்டினேன். செவ்வாய் வெள்ளி குங்குமம் வைத்து, பூச் சொருகி, சாம்பிராணி காட்டினேன். இந்தப் பேராக் மாநிலத்து மழை இருக்கிறதே, அது செத்த குச்சியையும் எழுப்பி உட்காரவைக்கும். கிழங்கு துளிர்த்தது, கொடி விட்டது, இலை இலையாக விரிந்தது. சுருள் சுருளாகக் கையை நீட்டி, பக்கத்தில் பிடிக்க என்ன இருக்கிறது என்று பார்த்து, கம்பியைப் பிடித்துக்கொண்டது.

மாலைதோறும் குன்றிலிருந்து இறங்கும் காற்று வீசியது. கிழங்கு ஊஞ்சலாடியது. கொடி கம்பியை இழுத்தது, மடிப்பு இறுகியது. சன்னல் வழியே உள்ளே பார்த்தேன். சிவப்பு.

முதலில் எனக்கு வந்த நினைப்பைச் சொல்லிவிடுகிறேன்: அவள் கை. படத்தின் ஓரத்தில் இருக்கும் அதே கை, கடல் தாண்டி வந்து என் வாசலில் என் கம்பியை நெரித்துக்கொண்டிருக்கிறது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். பிய்த்து எறிந்துவிடத்தான் ஏறினேன். கிழங்கைக் கையில் ஏந்தித் தூக்கியதும் கம்பி தளர்ந்தது. சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சன்னலுக்குள் சிவப்பு அடங்கிப் பச்சை வந்தது, உள்ளே மேசைமேல் கைப்பேசி அலறத் தொடங்கியது. இறங்கினேன். நான் இறங்கி உள்ளே போவதற்குள் சிவப்பு. மறுபடி ஏறினேன், தூக்கினேன். பச்சை. கைப்பேசி அலறியது. தூக்கிப் பிடித்தால் மகள் அழைக்கிறாள். எடுக்கப் போனால் அறுகிறாள். மழை வேறு பிடித்துக்கொண்டது. கிழங்கை இரு கைகளாலும் தலைக்குமேல் ஏந்தியபடி முக்காலியில் நின்றேன்.

"என்னாலா தங்கச்சி! மழையில வாழத்தார் தூக்குற மாரி நிக்கிற?"

"அக்கா, அக்கா, உள்ள போன் அடிக்குது, எடுங்க!"

பாக்கியம் அக்கா குடையும் கையுமாகச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். கைப்பேசியை எடுத்துவந்து என் காதில் வைத்தார். "அம்மா? கேக்குதாம்மா?" என்றாள் அபி. "கேக்குதுடா, காய்ச்சல் விட்டுருச்சா?" "அது அன்னைக்கே விட்டுருச்சும்மா. ஏன் கத்துறீக? ஏன் மூஞ்சியே தெரியல?" "நீ அசையாதலா" என்று அக்கா எனக்கும், "ஒங்கம்மா ஒரு கெழங்கத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க பாப்பா" என்று அவளுக்கும் சொன்னார். அபி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் என்னோடு அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! கை கடுத்தது. திரையைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் கையை இறக்கவில்லை.

ஹஃபிஸ் மறுநாள் வந்தார். கொக்கியைக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வேகமாக ஏதோ சொன்னார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. பாக்கியம் அக்கா வேலியில் சாய்ந்தபடி மொழிபெயர்த்தார். "வந்தப்பல்லாம் பாத்தானாம்லா. குங்குமம், பூ எல்லாம் இருக்கவும், பாராங் செம்பாயாங், சாமி சாமானாச்சே, நாம தொட்டா அவுங்க மனசு நோவுமேன்னு கிட்டயே போகலையாம்." ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கம்பத்தையும் மோடத்தையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் ஊர்க்காரர் என்றால் வந்த வேகத்தில் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். மரியாதையால் இத்தனை மாலைகளை இழந்திருக்கிறேன். கோபப்படவும் முடியவில்லை. அவர் கிழங்கை உற்றுப் பார்த்து மெதுவாக இன்னொன்று கேட்டார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது என்னா கெழங்கு, அவிச்சுத் திங்கலாமான்னு கேக்குறான்!"

கொடியை வெட்டிவிட்டால் அரை நிமிட வேலை என்று அவர் சைகை காட்டினார். பையிலிருந்து கத்திரியையும் எடுத்துவிட்டார். முந்தின மாலை பிய்த்து எறிய ஏறினவள்தான் நான். கத்திரியைப் பார்த்ததும், "தாப்பா, தாப்பா" என்றேன். வேண்டாம், பரவாயில்லை. நானே ஏறி ஒவ்வொரு சுருளாகப் பிரித்தேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்; அப்போதும் கொடியில் கை படாமல்தான் நின்றார். கீழே வைக்கக் கூடாத பொருள் என்பதால் அக்கா கிழங்கை முந்தானையில் ஏந்தினார். தலைமயிர் கனத்தில் இருக்கும் அந்தச் சுருள்கள், எவ்வளவு பலமாகப் பிடிக்கின்றன! பிரித்த கணமே மறுபடி விரலைச் சுற்றின. சில அறுந்தன. மண் இல்லை, வேர் இல்லை. பிடிமானம் ஒன்று கிடைத்தால் கம்பியா கையா என்று பார்க்காது. நான் யாரைச் சொல்கிறேன் என்று வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கொக்கி காலியானது. கம்பியைத் தளர்வாக வளையம் போட்டுவிட்டு ஹஃபிஸ் விடைபெற்றார். கிழங்கை எங்கே கட்டுவது? "எங்க ரம்புத்தான் மரத்துல கட்டு தங்கச்சி. எனக்கும் சேத்து கண்ணு படாம இருக்கட்டும்" என்றார் பாக்கியம் அக்கா. யார் கண் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் குனிந்து கயிற்றைத் தேடினேன். அந்த மரம் நிற்பது அவர்கள் மண்ணில். ஒரு கிளை வேலி தாண்டி எங்கள் பக்கம் நீண்டிருக்கிறது. அந்தக் கிளையில் கட்டினோம்.

அன்று மாலை காற்று பலமாக வந்தது. விளக்கு பச்சையிலேயே நின்றது. அபி வந்தாள். படம் அவ்வளவு தெளிவு, புருவத்துக்கு மேலே ஒரு பரு தெரிந்தது. பள்ளி, தேர்வு, தோழியின் அக்கா கல்யாணம் என்று சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. இத்தனை நாளும் எங்கள் பேச்சை அறுத்தது கம்பி என்று நினைத்திருந்தேன். கம்பி அறவில்லை, பேச்சு தானாக வந்து நின்றது. "இரும்மா, சித்தி கூப்புடுறாக, டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று கைப்பேசியைச் சன்னலில் சாய்த்துவைத்துவிட்டு எழுந்து போனாள். அழைப்பை அறுக்கத் தோன்றவில்லை. திரையில் சுமதி வீட்டு வாசல், மஞ்சள் வெயில். நிலைக்கு மேலே ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு கிழங்கு. சுருங்கி, கறுத்து, ஒரு முளைகூட இல்லாமல்.

சுமதி தேநீர்த் தம்ளரோடு சன்னலருகே வந்தவள் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "அக்கா, லைன்ல இருக்கியா? கட்டாயிருச்சுன்னு நெனச்சேன்."

"இருக்கேன். இனிமே கட்டாகாது" என்றேன். கைப்பேசியைத் திருப்பி, சன்னல் வழியே தெருவிளக்கு வெளிச்சத்தில் கிளையைக் காட்டினேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இம்புட்டு எலையா?" பிறகு, "ரெண்டும் ஒரே கெழவிகிட்ட, ஒரே கூடையில வாங்குனதுக்கா. நானும் செவ்வா வெள்ளி தவறாம சாம்பிராணி போடுறேன். தண்ணிகூடத் தெளிச்சுப் பாத்தேன். ஒரு துளிரு வரல. ஒனக்கு மட்டும் எப்புடிக்கா வருது?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். வெகுகாலமாக எனக்குள் குடியிருக்கிற குரல். அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. "இங்க மழை ஜாஸ்தி" என்றேன்.

"பரீச்ச முடிஞ்சா பிள்ள அங்க வந்துரும்ல?" என்றாள், கிழங்கைப் பார்த்துக்கொண்டே.

அதற்குள் அபி சீப்போடு வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுமதி என்னை ஒருமுறை பார்த்தாள். முதல்முறையாக அவள் முகமும் கையும் ஒன்றாகப் படத்துக்குள் இருந்தன. சடையைப் பிரிக்கத் தொடங்கினாள். இங்கே குன்றுகளுக்கு மேல் மின்னல் வெட்டியது, கண்ணாடியெல்லாம் அதிர இடி விழுந்தது. "தங்கச்சி! பிளக்கக் கழட்டுலா!" என்று வேலிக்கு அப்பாலிருந்து பாக்கியம் அக்கா கத்தினார். கைப்பேசியோடு எழுந்து போய்ச் சுவரோரம் நின்றேன். வெளியே கிளையில் கிழங்கு இலைகளோடு சுழன்று ஆடுகிறது. திரையில் அதன் கூடப்பிறந்தது அசையாமல் தொங்குகிறது. அவர்களுக்கு இடி கேட்கவில்லை. அபி கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்திருக்கிறாள். என் ஒரு கை பிளக்கின்மேல். ஒரு கையில் அவர்களுடைய வெயில்.